தாமிரபரணிக் கரையில் உங்கள் வம்சத்தைத் தேடுவது எப்படி?

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று வயலும் வாய்க்காலுமாக ஓடுகிற பகுதிதான் எங்கள் ஊர்ப்பக்கம். இங்கே பிறந்து சென்னைக்கும் மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள், விடுமுறைக்கு வரும்போது "நம்ம பூட்டன் பேரு என்ன? எந்த ஊர்ல இருந்து இங்க வந்தாங்க?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். சில வருஷமாக என் குடும்பத்துக்கு இதைச் செய்துவருகிறேன். எனக்குப் பிடிபட்ட வழியை, செய்த தவறுகளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பட்டா, பத்திரம், கோயில் வரி நோட்டு என்று எதை எடுத்தாலும் அதில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். பெண்கள் பேச்சில்தான் இருக்கிறார்கள். காகிதத்தை மட்டும் நம்பி வம்சம் எழுதினால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும். அதனால் பேச்சு முதலில், காகிதம் அப்புறம்.

1. ஆச்சியிடம் போய் உட்காருங்கள்

குடும்பத்தில் வயதில் மூத்த பெண் யாரோ, அவரிடம் போங்கள். உங்கள் சொந்த ஆச்சி இல்லாவிட்டால் ஆச்சியின் தங்கை, தாத்தாவின் தம்பி மனைவி, அதுவும் இல்லையென்றால் அதே தெருவில் அறுபது வருஷமாகக் குடியிருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சி. மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரம் நல்லது. நோட்டை எடுத்தவுடன் விரிக்காதீர்கள். செல்போனில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தாத்தாவின் பெயரை நேராகக் கேட்டால் பதில் வராது. நான் அப்படித்தான் கேட்டேன். "எங்க அவுக பேரை நான் சொல்லலாமா? அந்தா நிக்கான்லா, அவன் பேருதான்" என்று ஆச்சி என் தம்பியைக் கைகாட்டினாள். கணவன் பெயரைச் சொல்லாத தலைமுறை அது. ஆனால் அந்தக் கைகாட்டலிலேயே ஒரு வழி இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். முதல் பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர் என்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். ஆகவே பெரியவர்கள் பெயர் தெரியாவிட்டால் பேரன் பேத்திகள் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று சித்தப்பா பெரியப்பா வீடுகளில் மூத்த பிள்ளைக்கு இருந்தால், அது அவர்களுக்குப் பொதுவான தாத்தாவின் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். மாமனார் பெயரை மருமகள் வாயால் கூப்பிட முடியாது என்பதால் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் வேறு பெயர் இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

இந்த வழக்கத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. எங்கள் குடும்பத்தில் சுடலைமுத்து என்ற பெயர் தாத்தாவுக்கும் உண்டு, அவர் பேரனுக்கும் உண்டு, அந்தப் பேரனின் பெரியப்பா பேரனுக்கும் உண்டு. முதல் இருவரையும் ஒரே ஆளாக நினைத்து ஒரு வருஷம் மரம் வரைந்திருக்கிறேன். நடுவில் ஒரு தலைமுறையே காணாமல் போனது. அதன் பிறகு ஒவ்வொரு பெயரோடும் அப்பா பெயர், மனைவி பெயர், வீட்டுப்பெயர் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். மேலவீடு, செக்கடி வீடு, பனையடி வீடு என்று ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. பத்திரத்தில் அது இருக்காது. ஆனால் ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரிக்க அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

பெண்களைப் பற்றிக் கேட்க சில கேள்விகள் நன்றாக வேலை செய்கின்றன. எந்த ஊரில் இருந்து வாக்கப்பட்டு வந்தீர்கள்? கூடப் பிறந்தவர்களை எந்தெந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்? தாய்மாமன் சீர் செய்தது யார்? பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை? கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள். ஆறு பெற்று மூன்று தங்கிய தாய்க்கு, போன மூன்றின் பெயரும் தெரியும். அவை வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. நான் கேட்டபோது என் பெரிய ஆச்சி விரலை ஒவ்வொன்றாக மடக்கி ஒன்பது பெயர் சொன்னாள். எங்களுக்கு ஐந்து பேரைத்தான் தெரியும்.

கல்யாணமாகி வந்த பெண்ணை ஊரில் அவள் பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். 'கடையத்துக்காரி' என்றே எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவள் பெயர் அவள் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விடும். பெயர் கிடைக்காவிட்டால் 'கடையத்துக்காரி' என்றே எழுதிவையுங்கள். அந்த ஊருக்குப் போய் அவள் அண்ணன் தம்பி வீட்டில் கேட்டால் பெயர் வந்துவிடும்.

வருஷம் கேட்டால் யாருக்கும் தெரியாது. சம்பவத்தைக் கேளுங்கள். மணிமுத்தாறு அணை கட்டும்போது கைப்பிள்ளை வைத்திருந்தீர்களா? அது 1950-கள். தனுஷ்கோடியை அழித்த புயல் என்றால் 1964 டிசம்பர். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். ஆற்றில் பெருவெள்ளம் வந்தது என்றால் 1992 நவம்பரா, 2023 டிசம்பரா என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியாரே ஒரு மே மாதத் தேதியைப் போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

உறவைக் குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நம்மிடம் அக்காள் மகளையும் கட்டியிருக்கிறார்கள், மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டியிருக்கிறார்கள். "அவ எனக்கு அத்தையும் ஆவா, மைனியும் ஆவா" என்று ஒருவர் சொன்னால் இரண்டும் சரிதான். இரண்டையும் எழுதுங்கள். செல்போன் செயலிகளில் வம்ச மரம் போட்டால் இந்த இடத்தில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்து குழப்பும். முதல் படத்தைப் பெரிய தாளில் பென்சிலால் போடுவதே மேல். ஆண் வழிச் சொந்தத்தைச் சொக்காரர் என்போம், பெண் கொடுத்து எடுத்தவர்களைச் சம்பந்தகாரர் என்போம். சில சமுதாயங்களில் கிளை என்ற குலப்பிரிவு தாய் வழியாக வரும். உங்கள் வீட்டில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் படத்தையே திருப்பிப் போட வேண்டிவரும்.

2. சாஸ்தா கோயிலும் வரி நோட்டும்

பங்குனி உத்திரத்தன்று நெல்லைச் சீமையே தங்கள் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிக் கிளம்பும். எந்த ஊரில் குடியிருந்தாலும் அன்றைக்குக் குடும்பம் ஓரிடத்தில் கூடும். பத்து வருஷமாகப் பேச்சு இல்லாத சொக்காரனும் அங்கே பக்கத்து அடுப்பில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பான். ஒரு வருஷம் முழுக்க அலைந்து பார்க்க வேண்டிய ஆட்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். போகும்போது நீங்கள் வரைந்த பென்சில் படத்தை எடுத்துப் போங்கள். தப்பான படத்தைப் பார்த்தால் மனிதர்களுக்குப் பொறுக்காது. உடனே திருத்துவார்கள்.

குடியிருக்கிற ஊர் ஒன்று, சாஸ்தா இருக்கிற ஊர் வேறொன்று என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஒரு காலத்தில் அந்தப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு அது முதல் தடயம். பழைய கோயிலில் பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் கோயில் எழுப்புவது இங்கே வழக்கம். ஆகவே "எங்கிருந்து பிடிமண் எடுத்தது?" என்று கோயில் பெரியவரிடமும், சாமி வந்து ஆடுகிற சாமிகொண்டாடியிடமும் கேளுங்கள். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிற எல்லாரும் ஒரே குடும்பம் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். காரையாறு சொரிமுத்து அய்யனாருக்கு எத்தனையோ சமுதாயத்தார் உண்டு.

அப்புறம் வரி நோட்டு. ஊர்க் கோயிலில் கொடை என்கிற திருவிழாவை நடத்துவதற்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அந்தக் கணக்கு நோட்டு கோயில் நிர்வாகியாக இருந்தவர் வீட்டுப் பரணில் இருக்கும். எங்கள் கோயில் நோட்டு ஒன்றை இரண்டு நாள் கடன் வாங்கிப் பார்த்தேன். நீள வாக்கில் மடித்த நோட்டு, எண்ணெய்க் கறை, மேலே வருஷம், கீழே வரிசையாகப் பெயர்கள், எதிரே ரூபாய். ஒரு வருஷம் இல்லாத பெயர் அடுத்த கொடையில் புதிதாக வந்தால், இடையில் அந்தப் பையனுக்குக் கல்யாணமாகிவிட்டது. இருந்த பெயர் போய், அதே இடத்தில் 'மேற்படியார் சம்சாரம்' என்று வந்தால் அவர் இறந்துவிட்டார். இரண்டுமே இல்லாமல் பெயர் மறைந்தால் ஊரை விட்டுப் போயிருக்கலாம். பிறப்பு இறப்புச் சான்றிதழ் இல்லாத ஆட்களுக்கு இந்த நோட்டுதான் சான்றிதழ். நோட்டைக் கொடுக்க மனமில்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. வீட்டுக்குள்ளேயே இருப்பவை

கல்யாண மொய் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சுருள் (மொய்) வைத்தவர் பெயரும் ஊரும் தொகையும் வரிசையாக இருக்கும். முதலில் எழுதியிருப்பது தாய்மாமன்களும் நெருங்கிய சம்பந்தகாரர்களும். பழைய கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துத் தாத்தா ஆச்சி பெயரும் கிடைத்துவிடும். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதியும், மகன் மகள் மருமக்கள் எல்லாரும் இருப்பார்கள். ஜாதகத்தில் பிறந்த வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம். ஆடி அமாவாசைக்கு ஆற்றில் தர்ப்பணம் செய்கிற வீடு என்றால் மூன்று தலைமுறைப் பெயர் ஏற்கெனவே யாரோ ஒருவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள்.

எதையும் வீட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் திண்ணையில் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாகப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். 2023 வெள்ளத்தில் ஆற்றங்கரை ஊர்களில் இப்படிப்பட்ட பெட்டிகள் எத்தனையோ நனைந்து போயின. படம் எடுத்துவைத்திருந்தவர்களுக்குப் படமாவது மிஞ்சியது.

4. பத்திரத்தை வாசிக்கப் பழகுங்கள்

நிலம் இருந்த குடும்பத்துக்கு இதுதான் பெரிய புதையல். கிரயம், ஒத்தி, செட்டில்மெண்ட், உயில் எல்லாமே உதவும். ஆனால் முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் எத்தனை பேர், யார் மூத்தவர், இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள் யார் என்பதெல்லாம் ஒரே காகிதத்தில் வந்துவிடும்.

பழைய பத்திரத்தைக் கையில் எடுத்தவுடன் தலை சுற்றும். பயப்பட வேண்டாம். சில குறிகள் தெரிந்தால் போதும். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்கள் தமிழில் இருந்தால் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௫௰௨ என்று இருந்தால் 1052. அது என்ன ஆண்டு என்று திகைப்பீர்கள். அது கொல்லம் ஆண்டு. நம் பக்கத்தில் பழைய ஓலையிலும் பத்திரத்திலும் அது சாதாரணம். மாதம் ஆவணி முதல் மார்கழி வரை என்றால் 824-ஐக் கூட்டுங்கள், தை முதல் ஆடி வரை என்றால் 825. கொல்லம் 1052 தை மாதம் என்பது 1877.

கூடவே தமிழ் வருஷப் பெயரும் இருக்கும். அது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதால் தனியாக நம்பக் கூடாது. தாது வருஷம் என்று மட்டும் இருந்தால் 1876-ஆ 1936-ஆ என்று தெரியாது. கொல்லம் 1052 என்றும் இருந்தால் பெரும் பஞ்சம் வந்த அந்தத் தாதுதான். பஞ்ச காலத்தில் எழுதிய ஒத்திப் பத்திரமும் கிரயப் பத்திரமும் கிடைத்தால் நிதானமாக வாசியுங்கள். குடும்பம் எதை விற்றுப் பிழைத்தது என்று அதில் இருக்கும்.

அடுத்து எல்கை, அதாவது எல்லை. நிலத்தின் நான்கு எல்கையிலும் யார் நிலம் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். கிழக்கே இன்னார் நஞ்சை, வடக்கே வாய்க்கால் என்று போகும். பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்து எல்கைக்காரர் பெரும்பாலும் சொக்காரர்தான். நான் கேள்விப்படாத ஒரு பூட்டனின் தம்பியை எல்கையில்தான் கண்டுபிடித்தேன். நிலத்தின் அளவு, அதில் விதைக்கிற நெல்லின் அளவை வைத்து, கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று இருக்கும். நம் பக்கத்துக் கோட்டைக்கு 21 மரக்கால். கடைசியில் சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள். மைத்துனன், மாமன் என்று பெண் வழிச் சொந்தம் அங்கேதான் வந்து நிற்கும்.

பெண் பெயர் பத்திரத்தில் வந்தால் 'இன்னார் பாரியாள்', 'இன்னார் விதவை' என்றுதான் வரும். இது மாறத் தொடங்கியதற்கு ஒரு தேதி இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்து, அன்றைக்கு மணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005-இல் நாடு முழுக்கச் சட்டம் மாறியது. அதன் பின் எழுதிய பாகப்பிரிவினையிலும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்திலும் மகள்களின் பெயர், கணவர் பெயர், வாக்கப்பட்ட ஊர் எல்லாம் வரும். ஆகவே அண்மைக் காலப் பத்திரம்தானே என்று ஒதுக்காதீர்கள்.

5. அலுவலகங்கள்

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடலாம். பதிவுத்துறை இணையதளத்திலும் பார்க்கலாம், பழைய காலத்துக்கு நேரில்தான் போக வேண்டும். வில்லங்கத்தில் பத்திர எண் கிடைத்தால் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேட்டுப் புதுப்பிப்பு சர்வேயில் பட்டா எண்களும் பெயர்களும் பல இடத்தில் மாறின, பழைய சர்வே எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒரு அலுவலகத்தில் என்னை நான்கு முறை அலையவிட்டு, ஐந்தாம் முறை வேறொரு ஊழியர் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், அன்று கூட்டம். பரம்பரைக் கர்ணம் (கணக்குப்பிள்ளை), மணியம் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. பழைய கணக்குப்பிள்ளை வீடு ஊரில் இன்னும் இருந்தால் அங்கேயும் ஒரு நடை போய்ப் பேசுங்கள்.

எந்த ஊர்ப் பதிவு எங்கே இருக்கும் என்பதற்கு மாவட்ட வரலாறு தெரிய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கமெல்லாம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி 1986-இல் பிரிந்தது, தென்காசி 2019-இல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம், அதனால் அந்த ஊர்ப் பழைய காகிதம் மலையாளத்திலும் இருக்கும்.

6. நிலம் இல்லாத வீடுகளுக்கு

இந்தப் பள்ளத்தாக்கில் உழைத்தவர்களில் பெரும்பாலானோர் பெயரில் ஒரு சென்ட் பத்திரமும் கிடையாது. அவர்கள் வம்சம் தேட முடியாதது என்று நினைத்துவிடக் கூடாது. வழி வேறு, அவ்வளவுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் ஊரும் இருக்கும். பழைய குடும்ப அட்டையில் வீட்டிலிருந்த எல்லாருடைய பெயரும் வயதும் இருக்கும். பழைய வாக்காளர் பட்டியல் கதவிலக்க வரிசையில் போவதால் ஒரு வீட்டு ஆட்கள், பெண்கள் உட்பட, ஒன்றாக நிற்பார்கள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டைக் குத்தகைக்குக் கொடுத்த பிறகு உருவான மாஞ்சோலைத் தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பம் என்றால், வருங்கால வைப்புநிதிக் காகிதத்தில் வாரிசு பெயர் இருக்கும். பாபநாசம் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கும் அப்படியே. இலங்கைத் தோட்டத்திலிருந்து 1964 ஒப்பந்தப்படி திரும்பிய குடும்பமானால் வரும்போது கொடுத்த குடும்ப அட்டையைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவில் 40 பேர், அவர்களில் முதன்மையானவர் குளோரிந்தா என்ற பெண். பாதிரியாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாரநாளில் போங்கள். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத் நிக்காஹ் தஃப்தர், அதாவது திருமணப் பதிவேடு உதவும். அதில் மணமகளின் தகப்பனார் பெயரும் சாட்சிகளும் இருப்பார்கள்.

7. பகிர்வதற்கு முன்னால்

ஊரில் போய்ப் பழைய பத்திரம் கேட்டவுடன் எல்லார் மனதிலும் ஒன்றுதான் ஓடும்: பாகம் கேட்க வந்திருக்கிறான். என் சித்தப்பா ஒருவர் முதல் நாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எனக்கு நிலமும் வேண்டாம், சர்வே நம்பரும் வேண்டாம் சித்தப்பா, பேரு மட்டும் போதும். நீங்களே வாசிங்க, நான் எழுதிக்கிடுதேன்" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காமல், அவரே வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் தாத்தாவின் கைநாட்டு இருந்தது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் போகும்போது அவரே மூலப்பத்திரத்தையும் எடுத்துவந்து காட்டினார். ஆகவே என்ன வேண்டாம் என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

பத்திரத்தின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதில் நிலத்து விவரம் இருக்கும், சாதிப் பெயர்கள் இருக்கும், யாரையாவது நோகடிக்கிற சொல் இருக்கும். பெயரும் உறவும் மட்டும் பகிருங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பிறந்த தேதி, செல்போன் எண், ஆதார் எதுவும் வேண்டாம். இரண்டாம் தாரம், தத்து, வேறு சாதியில் கல்யாணம் செய்து வீட்டாரால் ஒதுக்கப்பட்டவர்கள் இவர்களைப் பற்றி எழுதும் முன் அவர்களையே, அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் மற்றவர்கள் முகம் சுளித்தாலும் பெயரை விடாதீர்கள். எங்கள் படத்தில் அப்படி ஒரு அத்தை நாற்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறாள்.

பெரியவர்கள் செல்போனில் வாசிக்க மாட்டார்கள். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து கிடைத்தது என்று சின்னதாகக் குறியுங்கள்: ஆச்சி சொன்னது, வரி நோட்டு, பத்திரம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். கடைசி நான்கு பக்கத்தை வெற்றாக விட்டு, பிரதியை முதலில் வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன பெண்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த பங்குனி உத்திரத்துக்கு வரும்போது அதைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்படித் திரும்பி வந்த முதல் பிரதியில், வெற்றுப் பக்கத்தில், கடையத்துக்காரியின் பெயர் பென்சிலில் எழுதியிருந்தது: கோமதி.